பானைக்குள் வைத்த நோன்பு

என் புருஷன் காலிதீன் மாஸ்டர் பொய் சொல்ல மாட்டார். சாய்ந்தமருதில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். மருதமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாலாம் நாள், "ஹப்ஸாட கறி எப்படி மாப்பிள்ள?" என்று என் சாச்சிமார் ஆசையாகக் கேட்டார்கள். "உப்புக் கூட. கறியாணம் தண்ணி," என்றார். வெற்றிலை மென்ற வாய்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. வீடும் வளவும் என் பெயரில். அதனால் அவர் தன் உண்மைகளை எல்லாம் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவளும் நான்தான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் நோன்பு சித்திரை வெயிலில் வந்தது. நோன்புக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு மாத லீவு. படிப்பிக்க ஆளில்லாத வாத்தியார் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? எதிரே அகப்பட்டவர்களைப் படிப்பிப்பார். போதாக்குறைக்குக் கொழும்பிலிருந்து யாரோ சிநேகிதர் அவருக்குக் குழந்தை மனதைப் பற்றி ஓர் இங்கிலீசுப் புத்தகம் அனுப்பியிருந்தார். தடித்த புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஒரே மகள் றாஹிலாவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"புள்ளைக்கிச் சொல்ற முதல் பொய்தான், ஹப்ஸா, அதுட மனசில விழுற முதல் ஓட்டை," என்றார் ஒருநாள்.

எங்கள் குசினிக் கூரையில், அடுப்புக்கு மேலேயே, அப்போது நாலு ஓட்டை இருந்தது. அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றுமில்லை போலும்.

அவர் பொய் என்று சொன்னது பானை நோன்பைத்தான். றாஹிலாவுக்கு அப்போது ஆறு வயது. மாசி மாதம் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து கிடந்து எழும்பியவள். கழுத்தெலும்பு இன்னும் உள்ளே போகவில்லை. ஆனால் நோன்பு பிடிப்பேன் என்று ஒரே பிடி. பக்கத்து வீட்டு அஸீஸா பிடிக்கிறாளாம். ஆறு வயதுப் பிள்ளையைச் சித்திரை வெயிலில் பட்டினி போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் செய்த வேலையை நானும் செய்தேன். பிள்ளைக்குப் பசி வந்ததும் ஒரு சின்ன மண்பானையைக் கொண்டுவந்து வாய்க்கு நேரே பிடிப்பது. பிள்ளை தன் நோன்பை "உஃப்" என்று பானைக்குள் ஊதிவிட வேண்டும். உடனே தேங்காய்ச் சிரட்டையால் மூடிவிட வேண்டும். நோன்பு பத்திரமாக உள்ளே இருக்கும். பிள்ளை சோறு தின்னலாம், தண்ணீர் குடிக்கலாம். பின்னேரம் அஸருக்குப் பிறகு வாயைக் கொப்பளித்து, பானையைத் திறந்து, நோன்பை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டால் பழையபடி நோன்பாளி. பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எல்லாரோடும் குந்தி ஈச்சம்பழம் தின்று நோன்பு திறக்கலாம். இடையில் யாரும் பானையைத் திறக்கக்கூடாது, திறந்தால் நோன்பு பறந்துவிடும். இவ்வளவுதான் சட்டம்.

றாஹிலா அந்தப் பானையைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பூனை வந்தால் விரட்டுவாள். காற்றடித்தால் சிரட்டையின் மேல் கல் வைப்பாள். பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. "உம்மா, எனக்கி பன்ரெண்டு, அஸீஸாக்கு ஒம்பதுதான்!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்துவாள்.

மாஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. என் வாப்பாவிடம் போனார். என் வாப்பா மீராமுகைதீன் பள்ளிவாசல் மரைக்கார்களில் ஒருவர். ஊர் வழக்குத் தீர்ப்பவர், கண்டிப்பான மனுஷன். போன வருஷம் நோன்பு நேரத்தில் கடைக்குள் ஒளித்துத் தேத்தண்ணி குடித்த ஒருவனைப் பள்ளிக்குக் கூப்பிட்டு வெளுத்து வாங்கியவர்.

"மாமா, நோன்பப் பானைக்குள்ள வெக்கலாமா? மார்க்கத்தில இதுக்கு இடமிரிக்கா?" என்று கேட்டார் இவர்.

வாப்பா தாடியைத் தடவினார். "மார்க்கத்தில இல்ல மருமகன். குசினியில இரிக்கி. குசினி விசயத்தில நான் தலையிடுறல்ல," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இவரா விடுவார்!

பதின்மூன்றாம் நோன்பு. நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. றாஹிலா ஊதினாள், நான் மூடினேன், சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தேன். இவர் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு வந்து குந்தி, சிரட்டையைத் தூக்கினார். பிள்ளை "வாப்போ!" என்று பாய்ந்து பானை வாயைக் கையால் பொத்தினாள்.

"பயப்படாதங்க மகள். கைய எடுங்க. உள்ளுக்குப் பாருங்க. என்ன இரிக்கி?"

அவள் பார்த்தாள். அவர் பானையை வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டினார். கவிழ்த்து அடியில் தட்டியும் காட்டினார். 

"ஒண்டுமில்ல," என்றாள்.

"அதான் மெய். நோன்பு பானைக்குள்ள நிக்காது. உம்மா உங்களச் சாப்பிட வெக்கச் சொன்ன கதை அது. விளங்கிச்சா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"அப்ப என்ட பன்ரெண்டு நோன்பும் எங்க வாப்பா?"

"அது நோன்பில்ல மகள்."

"பன்ரெண்டும் இல்லையா?"

"ஒண்டுமில்ல."

அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய், பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாஸ்டர் திருப்தியாகக் கையைத் துடைத்தார். "பாத்தீங்களா, புள்ள எவ்வளவு நிதானமா ஏத்துக்கொண்டது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பானையை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். நோன்போடு இருந்தபடியால் தப்பினார்.

அவள் ஏற்றுக்கொண்டது என்னவென்று அடுத்த நாள் தெரிந்தது. போன பன்னிரண்டையும் திருப்பிப் பிடிக்கப் போகிறாளாம், மெய்யான நோன்பாக. அன்றைக்கு அந்திவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மஃரிபுக்கு ஈச்சம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். மாஸ்டர் பள்ளிவாசலுக்குப் போய் வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார்: "பொய்யச் சொல்லி வளத்த புள்ள அர நோன்பு புடிக்கும். மெய்யச் சொன்னா முழு நோன்பு புடிக்கும்." அடுத்த நாளும் பிடித்தாள். அன்றைக்கு அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து இவருக்கும் கொஞ்சம் பயம் வந்தது.

"மகள், சின்னப் புள்ளைகளுக்கு நோன்பு கடமையில்ல," என்று மெதுவாகச் சொன்னார்.

"கடமையில்லாட்டியும் புடிச்சா நன்மைதானே வாப்பா?"

இவர் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார்.

"மெய்யச் சொல்லுங்க வாப்பா."

"ஓம்... நன்மைதான்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் வேறென்ன சொல்வார்!

நான் ஒரு தந்திரம் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது. மூன்றாம் நாள் விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அவளை எழுப்பவில்லை. ஸஹர் சாப்பிடாவிட்டால் விடிந்ததும் பசி தாங்காமல் தானாக விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் விடவில்லை. வெறும் வயிற்றோடு பிடித்தாள். ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கிறேன் என்று கிணற்றடிக்குப் போனவள் அங்கேயே சரிந்து விழுந்தாள். தூக்கி வந்து பாயில் போட்டேன். மஞ்சள் தண்ணீராக வாந்தி எடுத்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், என் பிள்ளை எனக்கே அடையாளம் தெரியாமல் கிடந்தாள்.

காரைதீவிலிருந்து எங்கள் ஊர் டிஸ்பென்சரிக்கு வைத்தியம் பார்க்க வருகிற அப்போதிக்கரி நல்லரெத்தினம், மாஸ்டருக்கு நல்ல பழக்கம். ஆள் அனுப்பியதும் சைக்கிளில் ஓடி வந்தார். நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, உடம்பில தண்ணியே இல்ல. கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டு இப்ப குடுங்க. ஒரு மணித்தியாலத்துக்குள்ள உள்ள போகாட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகோணும். இந்த வெயிலுக்குள்ள அவ்வளவு தூரம் புள்ள தாங்குமோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

அரிசியை அலம்பிக்கூடப் பார்க்காமல் உலையில் போட்டேன். கஞ்சியை வடித்து, ஆற்றி, கோப்பையில் கொண்டுவந்து அவள் தலையை மடியில் வைத்தேன். பிள்ளை பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

"நோன்பு முறிஞ்சிடும்."

"வருத்தக்காரருக்கு நோன்பில்ல மகள். அல்லாஹ்வே வேணாம் எண்டு சொல்லியிரிக்கான். குடிங்க என்ட ராசாத்தி."

"உம்மா பொய் சொல்ற."

கரண்டியைப் பல்லுக்கிடையில் தள்ளினேன். துப்பிவிட்டாள். மூக்கைப் பிடித்தேன், அதையும் செய்தேன், கையைத் தட்டிவிட்டாள். அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ. "பானையக் கொண்டாறன் மகள், அதுக்குள்ள வெச்சிட்டுக் குடிங்க," என்று கெஞ்சினேன்.

"பானைக்குள்ள ஒண்டுமில்ல. வாப்பா காட்டின," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாஸ்டர், நீங்க ஒருக்காச் சொல்லிப் பாருங்க. உங்கட சொல்லுக் கேக்குந்தானே?" என்றார் அப்போதிக்கரி.

இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். "போங்க, போய் உங்கட மெய்யக் கஞ்சியில கரைச்சி என்ட புள்ளைக்கிக் குடுங்க! என்ட புள்ள மவுத்தாப் போனா அந்தப் புத்தகத்தத்தான் நீங்க மகளா வளக்கோணும்!" என்று கத்தினேன். அந்நிய ஆண் ஒருவர் வீட்டில் நிற்கிறார் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

இவர் குசினிக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அடுப்புச் சாம்பல் அப்பிய அந்தப் பானையைத் தான் உடுத்திருந்த சாரத்திலேயே துடைத்துக்கொண்டு வந்தார். பாயருகே முழங்காலில் குந்தினார்.

"மகள், வாப்பா அண்டைக்குச் சரியாப் பாக்கல்ல. நோன்பு பானைக்குள்ள இரிக்கி. கண்ணுக்குத்தான் தெரியாது."

றாஹிலா கண்ணைத் திறந்தாள். "பொய்," என்றாள்.

"பொய்யில்ல மகள். வாப்பா எப்பயாவது பொய் சொல்லியிரிக்கனா? இஞ்ச பாருங்க, என்ட நோன்பயும் வெக்கப் போறன்."

பானைக்குள் வாயை வைத்து "உஃப்" என்று ஊதினார். உள்ளே அப்பியிருந்த சாம்பல் கிளம்பி மூக்கிலும் மீசையிலும் ஒட்டியது. சிரட்டையால் மூடினார். பிறகு என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, கஞ்சியை மடக்கு மடக்கென்று குடித்தார். விளையாட்டுக்கு நாக்கில் தொட்டுக்கொண்டதல்ல, பாதிக் கோப்பை. பதின்மூன்று வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாத மனுஷன் அவர். நெருப்புக் காய்ச்சலிலும் பிடித்தவர். அப்போதிக்கரி சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

அந்த நேரம் பார்த்தா என் வாப்பா உள்ளே வர வேண்டும்! பேத்திக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பள்ளியிலிருந்து நேரே வந்திருக்கிறார். தலையில் தொப்பி, கையில் தஸ்பீஹ் மணி. கண்ணுக்கு முன்னால் மருமகன், மரைக்கார் வீட்டு மாப்பிள்ளை, ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வாத்தியார், பட்டப்பகலில் கஞ்சிக் கோப்பையோடு. மீசையில் கஞ்சியும் சாம்பலும். வாப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், இவர் செய்ததெல்லாம் வீண்.

வாப்பா பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பானையைப் பார்த்தார்.

"பானைய நல்லா மூடுங்க மருமகன்," என்றார். "காத்துப் பட்டா உங்கட நோன்பு போயிடும்."

குனிந்து சிரட்டையைத் தன் கையாலேயே அமுக்கிவிட்டார்.

றாஹிலா தன் வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெடித்த உதட்டைத் திறந்து, "எனக்கும் தாங்க," என்றாள்.

இவர் அவசரமாகப் பானையை நீட்டினார். அவள் அதைக் கையால் விலக்கிவிட்டுக் கோப்பையைப் பிடித்தாள். ஊதப் பெலமில்லை என்று நினைத்து, இவரே அவளுக்குப் பதிலாகவும் ஒரு தடவை ஊதி மூடினார். அரைக் கோப்பை கஞ்சி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோப்பை. அஸருக்குள் பிள்ளை மூத்திரம் போனாள், அப்போதிக்கரி "இனிப் பயமில்ல" என்று சைக்கிளை எடுத்தார். நான் குசினிக்குள் போய், வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

மஃரிபுக்கு முன் வாப்பா மறக்காமல் பானையைக் கொண்டுவரச் சொன்னார். மருமகன் திறந்து, நோன்பை மூச்சோடு இழுத்து, மாமனார் பக்கத்தில் குந்தி ஈச்சம்பழம் தின்றார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பில்லை. போகும்போது வாப்பா வாசலில் வைத்துக் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது: "விட்ட நோன்ப, பெருநாளைக்குப் பொறகு களாவாத் திருப்பிப் புடிங்க மருமகன்."

அதற்குப் பிறகு இவர் புது மனுஷன். புத்தகத்தைத் திரும்ப விரித்தவர், குழந்தைகளுக்குக் கற்பனை எவ்வளவு அவசியம் என்று அதே புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருப்பதைக் கண்டுபிடித்தார். முன்பு அந்தப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தனவோ என்னவோ. சந்தையில் புதுப் பானையும் வாங்கி வந்தார். மிச்ச நாளெல்லாம் றாஹிலா அதற்குள் ஊதினாள், நேரத்துக்குச் சாப்பிட்டாள். இவர்தான் பானையைப் பிடிப்பார், இவர்தான் மூடுவார், பூனை வந்தால் இவரே எழும்பி விரட்டுவார். வருவோர் போவோரிடம் புதிதாக ஒரு பிரசங்கம்: "புள்ளைகளுக்கு நம்பிக்கதான் மருந்து. அண்டைக்கு என்ட மகளக் காப்பாத்தினது அந்தப் பானை. கஞ்சி இல்ல, நம்பிக்க." கஞ்சி காய்ச்சியவள் நான் ஒருத்தி பக்கத்தில்தான் நிற்பேன். 

பெருநாள் காலை. ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். றாஹிலாவைக் குளிப்பாட்டி, புதுச் சீத்தைத் துணிச் சட்டை போட்டு, முன்னால் இருத்திக் கண்ணுக்குச் சுறுமா போட்டுக்கொண்டிருந்தேன். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பெருநாள்.

"உம்மா, நோன்பத் திண்டவங்கள மறுமையில அல்லா கேப்பான்தானே?"

"ஆரு மகள் நோன்பத் திண்ட?"

"வாப்பா."

சுறுமாக் குச்சி என் கையில் நின்றது. "வாப்பா பானைக்குள்ளதானே வெச்சாரு?"

"பானைக்குள்ள ஒண்டுமில்ல உம்மா. நான் கண்ணால பாத்தன்." பெரிய மனுஷி போல என்னைப் பொறுமையாகப் பார்த்தாள். "வாப்பா எனக்காகத்தான் திண்டாரு. அவரக் கொண்டு போய்த் தனிய நிப்பாட்டிக் கேட்டா பயந்திடுவாருதானே? அதான் நானும் குடிச்சன். ரெண்டு பேரும் சேந்து நிண்டா அவருக்குப் பயமிரிக்காது."

யா அல்லாஹ்! பதினைந்து நாள். பதினைந்து நாள் இதை அந்தச் சின்ன நெஞ்சில் வைத்துக்கொண்டு, தன் வாப்பா பானையை நீட்டும்போதெல்லாம் அவர் மனம் நோகாமல் ஊதிக் கொடுத்திருக்கிறாள். நரகத்துக்குத் துணைக்குப் போகத் தயாராகிக்கொண்டு அஸீஸாவோடு விளையாடியிருக்கிறாள். அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "உனக்கு ஒரு பாவமுமில்ல என்ட தங்கம், வாப்பாக்கும் இல்ல. வருத்தம் வந்த புள்ளைக்காகச் செய்தத அல்லா மன்னிப்பான். மூத்தாப்பா களா நோன்பு புடிக்கச் சொல்லியிரிக்காரு, வாப்பா புடிப்பாரு," என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"மெய்யாவா?"

"மெய்யா. அல்லாஹ்மேல ஆணையா."

அவள் மூச்சை நீளமாக விட்டாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்: "அப்ப வாப்பாக்கிட்ட ஒண்டும் சொல்லாதீங்க உம்மா. அவரு அந்தப் பானைய நம்பிட்டாரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தொழுகை முடிந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன ஹப்ஸா, பெருநாளும் அதுவுமா ஏன் அழுறீங்க?"

"அழல்ல. சுறுமா கண்ணில பட்டுட்டு," என்றேன்.

நான் சுறுமா போட்டிருக்கவில்லை. அவர் நம்பிவிட்டார்.